தேரியில் நிற்கும் இரும்பு மிருகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேரி என்கிற எங்கள் பக்கத்துச் செம்மணல் மேட்டில், செக்கச்செவேல் என்ற மணலில் தன்னந்தனியாக ஓர் ஆடு நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் வயிறு மண்ணெண்ணெய் பீப்பாய், முன்கால் சைக்கிள் போர்க், தாடி துரு தேய்க்கிற கம்பி பிரஷ். இந்த மாதிரி சர்ரியலிசப் படங்களை 17 வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். இதுவரை 23 ஆகியிருக்கிறது. கண்காட்சியிலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் சாம்பாருக்குக் காத்திருக்கும்போதும் கேட்கிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை. இனிமேல் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நீங்கள் எங்கே ஓவியம் படித்தீர்கள்?

படிக்கவில்லை. நான் போர்டு எழுதுகிறவன். ஊர் திசையன்விளைப் பக்கம். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரி நம்பர், தேர்தல் வந்தால் கட்சிச் சுவர், இதுதான் தொழில். ஃபிளெக்ஸ் வந்தது, வேலை போனது. மீந்த எனாமல் டப்பாக்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பழைய பிளைவுட் பலகையின் பின்புறத்தில் முதல் ஆட்டை வரைந்தேன். அதன் முன்புறத்தில் ‘முட்டை மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்’ என்று இன்றைக்கும் இருக்கிறது. என் கையெழுத்துதான். படத்தைவிட அந்த ‘ட்’டுகள் நன்றாக வந்திருப்பதாக எனக்கு ஓர் எண்ணம்.

சர்ரியலிசம் என்றால் என்ன? புரியாமல் வரைவதா?

1924இல் பாரீசில் ஆந்திரே பிரெத்தோன் என்ற கவிஞர் ஓர் அறிக்கை வெளியிட்டார். விழித்திருக்கும் புத்தி போடுகிற காவலைத் தளர்த்திவிட்டு, கனவும் நனவும் கலக்கிற இடத்திலிருந்து எழுது, வரை என்பது அதன் சாரம். தமிழில் மீமெய்யியல் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் டீக்கடையில் அப்படிச் சொன்னால் ஏதோ வியாதி என்று நினைத்து டாக்டர் பேர் சொல்வார்கள். அதனால் சர்ரியலிசம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

நான் விளக்குவது இப்படி. கனவில் செத்துப்போன உங்கள் தாத்தா கண்டக்டராக வந்து சாத்தான்குளத்துக்கு டிக்கெட் கிழிக்கிறார். ‘தாத்தா, நீங்க செத்துட்டியள்லா’ என்று நீங்கள் கேட்பதில்லை. ‘சில்லறை இல்லை தாத்தா’ என்கிறீர்கள். அவர் விரலிடுக்கில் நோட்டுகள் மடித்திருக்கும் விதம், விசில் சத்தம், ஜன்னல் கம்பியின் துரு எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். மிருகம் இரும்பாகிவிட்டது, சரி. அதற்கப்புறம் ஒரு போல்ட்டைக்கூடப் பொய்யாகப் போடக் கூடாது. புரியாமல் வரைவது ரொம்ப எளிது. மரை சரியாக வரைவதுதான் கஷ்டம்.

டாலியைப் பார்த்துக் காப்பி அடித்ததுதானே?

நெட்டைக்கால் யானைகளை மனசில் வைத்துக் கேட்கிறார்கள். ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் டாலி 1946இல் புனித அந்தோணியார் சோதிக்கப்படும் காட்சியை வரைந்தபோது, சிலந்திக் கால் போல நீண்டு மெலிந்த கால்களோடு யானைகளை நடக்கவிட்டார். 1948இல் யானைகளுக்கென்றே தனிப்படம் ஒன்றும் போட்டார். முதுகில் தூபிக்கல், அதாவது உச்சி கூரான கல் தூண், சுமந்த அந்த யானைக்கும் ஒரு தகப்பன் உண்டு: ரோமில் ஒரு சதுக்கத்தில் பெர்னினி என்ற சிற்பியின் வடிவமைப்பில் 1667இல் நிறுத்திய கல் யானை. ஆக காப்பி என்று ஆரம்பித்தால் நூல் ரொம்பத் தூரம் போகும். அதுபோக, டாலியின் யானைகள் இயந்திரம் இல்லை. தசையும் தோலும்தான், கால் மட்டும் கனவில் நீண்டுவிட்டது.

எனக்கு உண்மையிலேயே பங்காளி என்றால் அது மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியர். 1921இல், பிரெத்தோனின் அறிக்கைக்கே மூன்று வருஷம் முன்னால், அவர் செலிபிஸ் யானை என்று ஒன்றை வரைந்தார். இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாய்லர் மாதிரி உருண்ட உடம்பு, துதிக்கைக்குப் பதில் வளைந்த குழாய். அந்த உடம்பு அவருக்குக் கிடைத்தது சூடான் நாட்டுத் தானியக் குதிர் ஒன்றின் புகைப்படத்திலிருந்து. குதிர்! நம் வீட்டு மச்சிலும் மண்ணில் செய்து நெல் கொட்டி வைத்திருந்தோமே, அது. எர்ன்ஸ்ட் முதல் உலகப்போரில் ஜெர்மன் பீரங்கிப் படையில் இருந்தவர். ஆகவே இரும்பு அவருக்கு விளையாட்டுப் பொருளாக இருந்திருக்காது. இந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டுப் புத்தகத்தில் பார்த்தேன். அதற்கு முன்பே என் யானையை முடித்து ஆணியில் மாட்டியாயிற்று. அன்றைக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. நாம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தால், எவனோ நூறு வருஷம் முன்னாலேயே அதைத் தானியக் குதிரிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறான்.

தமிழ்நாட்டில் பாலைவனமே கிடையாதே, பிறகு ஏன் பாலைவனம்?

நான் வரைவது தேரி. திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கங்களில் கடலை ஒட்டியும் கொஞ்சம் உள்வாங்கியும் கிடக்கிற செம்மணல் மேடுகள். குதிரைமொழித் தேரிக்குள் போய் நின்றால் நாலு பக்கமும் சிவப்பு. காற்று வரிவரியாகக் கோலம் போட்டிருக்கும். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேடே இடம் மாறும். மேற்கு மலை மழையை வாங்கிக்கொண்டு நமக்கு வறண்ட காற்றை மட்டும் அனுப்புகிற காலம் அது. சட்டைப்பை, காது, பல்லிடுக்கு எங்கும் மண்.

ஆனாலும் இது கணக்குப்படி பாலைவனம் இல்லை. வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்கிற இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே பெய்கிறது, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். மணல் அந்த மழையை அப்படியே குடித்து அடியில் வைத்துக்கொள்ளும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தேரி நடுவில் சுனை இருக்கிறது. பனை நிற்கிறது, உடைமரம் குடை பிடிக்கிறது, கொல்லாமரம் காய்க்கிறது. வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் மரம் விழாத மூலையாகப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு ‘தமிழ்நாட்டு சஹாரா’ என்று போட்டுவிடுகிறார்கள். நானும் படத்தில் மரங்களைக் குறைத்துத்தான் போடுகிறேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பனையாவது எங்கேயாவது நிற்கும். தேடிப் பாருங்கள்.

நம் பழைய ஆட்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலம் வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலை என்று ஒரு கோலம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. நல்ல தோட்டம் ஒன்று தண்ணீர் வற்றினால் பாலை. அதன் கரையில் ஓடாமல் நிற்கிற இயந்திரம் அந்தப் பாலையின் கருப்பொருள். எந்தத் தேரி ஓரக் கிராமத்துக்குள்ளும் போங்கள், இரண்டும் கண்ணில் படும்.

ஒட்டகம் ஏன் இல்லை?

எங்கள் ஊரில் ஒட்டகம் இல்லை.

யானையின் துதிக்கை நுனியில் இருப்பது என்ன? கொலுசா, உண்டியலா?

புட்வால்வு. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் நாற்பது வயசுக்குக் கீழே என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன், இந்தத் தொடர் முழுக்க இதிலிருந்துதான் பிறந்தது. கிணற்றுக்கு மேலே ஆயில் எஞ்சினும் பம்பும் உட்கார்ந்திருக்கும். பம்பிலிருந்து பச்சை நிறத்தில், உள்ளே சுருள் வளையம் ஓடுகிற சக்ஷன் ஓஸ் கிணற்றுக்குள் இறங்கும். அதன் நுனியில் ஓட்டை ஓட்டையாகச் சல்லடை போட்ட இரும்புக் கூடு. உள்ளே ஒரு மூடி: தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதுதான் புட்வால்வு. அது ஒழுகினால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். பம்பு காற்றைக் கடித்துக்கொண்டு வெறுமனே கத்தும். அப்போது மேலே வாய் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும். சின்ன வயசில் அப்பா எஞ்சின் ஹேண்டிலைச் சுற்ற, குடத்தோடு நிற்பது என் வேலை. தண்ணீர் எடுப்பதற்கு முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை அப்போது யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தால் இதைவிடப் பெரிய சர்ரியலிசம் என்ன இருக்கிறது?

இன்னொன்று. இந்த வகைப் பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதற்கு எல்லை உண்டு. கணக்குக்கு 10 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர். நீர்மட்டம் அதற்குக் கீழே போனதும் கிணற்றுக்குள்ளேயே திண்டு வெட்டி எஞ்சினை இறக்கினார்கள். மறுபடி கீழே போனது, மறுபடி இறக்கினார்கள். கடைசியில் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டாரைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இறக்கிவிட்டு, பழைய எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் தோட்டத்து எஞ்சின் பிளைவீல் பாதி மண்ணுக்குள் புதைந்து, மேலே ஒரு ஓணானோடு நின்றது. படுத்திருக்கிற யானையின் காது மாதிரி இருந்தது. அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் கற்பனை என்று எதுவும் இல்லை.

படத்தில் யானையின் நெற்றியில் ஒரு புனல் இருக்கிறது, பார்த்தீர்களா? தண்ணீர் ஊற்றுகிற இடம். பக்கத்தில் மணலில் பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து கிடக்கிறது.

இந்த மிருகங்களைச் செய்தால் உண்மையிலேயே நடக்குமா?

நடக்க வேண்டும் என்று பார்த்துத்தான் வரைகிறேன். அந்தப் புத்தி எனக்குத் தானாக வந்ததில்லை. எங்கள் பஜாரில் ஆயில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இரண்டாவது ஆட்டைக் காட்டினேன். உடைமரத்துக் கொப்பை எட்டுவதற்குப் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிற ஆடு அது. வயிற்றில் ஒரு பல்சக்கரம், அதிலிருந்து பின்னங்கால் முட்டிக்கு சைக்கிள் செயின். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒரு எட்டு வைக்காதுல்லா.’

‘ஏன் அண்ணாச்சி?’

‘காலு எங்க மடங்குது? இடுப்புல. சக்கரம் எங்க இருக்கு? வயித்துல. காலு மடங்கும்போது ரெண்டுக்கும் நடுவுல தூரம் மாறும்லா. ஒண்ணு செயின் தொய்யும், இல்ல அறுக்கும். பைக்குல பின்சக்கரம் ஏறி இறங்குததுக்காகத்தானே செயின்ல கொஞ்சம் தொய்வு விடுதோம்?’

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் பல்சக்கரத்தை இடுப்பு அச்சிலேயே கொண்டுபோய் வைத்தேன். கால் எப்படி மடங்கினாலும் தூரம் மாறாது. அப்படி வைத்ததும் ஆட்டின் இடுப்பு எடுப்பாகி, உண்மையான கொடி ஆட்டின் இடுப்பு மாதிரியே ஆகிவிட்டது! உயரமாக, ஒல்லியாக, கால் நீண்ட தூத்துக்குடிப் பக்கத்து ஆடு அது; வெள்ளையில் கறுப்புத் தெறித்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்தால் செம்போரை. என்னுடையது செம்போரை, தெறிப்புகள் எல்லாம் துரு. அதிலிருந்து எந்தப் படமும் பட்டறைக்குப் போகாமல் வெளியே போவதில்லை.

நிஜமாகவே நடக்கிறதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நெதர்லாந்தின் தியோ யான்சென் செய்வதைப் பாருங்கள். 1990இலிருந்து கடற்கரை மணலில் காற்றின் பலத்திலேயே நடக்கிற பிராணிகளைச் செய்கிறார். மோட்டார் கிடையாது, மின் வயர் விடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்கள்தான். குழாய்களின் நீள விகிதம் சரியாக அமைந்ததால்தான் கால் தூக்கி வைக்கிறது. வீடியோவை அண்ணாச்சிக்குக் காட்டினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, ‘இவன் பட்டறைக்காரன்’ என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பெரிய பட்டம் வராது.

மயிலுக்கு மட்டும் ஏன் தோகை கந்தலாக இருக்கிறது?

கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர்கள். உற்றுப் பார்த்தால் பூப்புனித நீராட்டு விழா வாழ்த்தும் பாதித் தலைவர் முகங்களும் தெரியும். என் பிழைப்பைக் கெடுத்ததற்கு ஒரு சின்னப் பழிவாங்கல், வேறு ஒன்றுமில்லை.

இயந்திர மிருகம் என்பதே வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. கல் எறிகிற கவணும் கொதிக்கிற எண்ணெயும் இருக்கட்டும். நடுவில் கருவிரல் ஊகம் என்று கறுத்த விரல் குரங்கு ஒன்று, சென்று தாக்குகிற சிரல், அதாவது மீன்கொத்தி ஒன்று, பன்றி ஒன்று. எல்லாம் பொறிகள். சீவக சிந்தாமணியில் நிறைமாத கர்ப்பிணி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிக்கிறாள்; அது பறந்து போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறது. பெருங்கதையில் உதயணனுக்கு யானை என்றால் உயிர் என்று தெரிந்துகொண்டு, உள்ளே ஆட்களை ஒளித்த எந்திர யானையைக் காட்டில் நிறுத்தி அவனைப் பிடிக்கிறார்கள். யானைமேல் வைத்த ஆசையே வலையாகிறது. கிரேக்கர்களின் மரக்குதிரைக் கதை உலகம் முழுக்கத் தெரியும். நம் யானைக் கதை நம் பிள்ளைகளுக்கே தெரியாது.

கதை வேண்டாம், பொருளாக வேண்டும் என்றால் திப்புவின் புலி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைப் புலி குரல்வளையில் கவ்வுகிற மாதிரி ஆளுயர மரப் பொம்மை. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் கை ஆட்டி முனகுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்துப் போனார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டி எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது ஆதிச்சநல்லூர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகள் புதைந்த அந்தக் காட்டை 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் தோண்டியபோது இரும்பு ஆயுதங்களோடு வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. அவற்றில் மிருக உருவங்கள்: எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை. எருமைக்குக் கொம்பு அகல விரிந்து வளைந்திருக்கும். படத்தில் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. செத்தவர்களோடு உலோக மிருகங்களைச் செம்மண்ணுக்குள் இறக்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நான் அவற்றை மேலே எடுத்து நிறுத்துகிறேன், அவ்வளவுதான்.

அய்யனார் குதிரைக்குப் போட்டியாகச் செய்கிறீர்களா? சாமி குத்தம் இல்லையா?

ஒரு ஆச்சி கேட்டது. கிண்டலுக்கு இல்லை, பயந்துதான் கேட்டார். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலுக்கு நாங்களும் பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்கள். சுட்ட மண் குதிரையின் கண் எப்போதும் விரிந்திருக்கும், அது காவலுக்கு நிற்கிறது. என் மிருகங்களுக்கு நான் கண்ணே வைப்பதில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்டு, அல்லது வெறும் ஓட்டை. குதிரையும் வரைவதில்லை. ஆச்சியிடம் அதைச் சொன்னேன். ‘அப்ப சரி’ என்று போய்விட்டார்.

அந்தச் சிவப்பு எந்தக் கம்பெனிக் கலர்?

ஓவியம் வரைகிற பிள்ளைகள் தனியாக ஓரம் கட்டிக் கேட்பது இதைத்தான். பாதி கிரில் பட்டறையில் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர். மீதி தேரி மண்ணே.

மணலை அப்படியே குழைத்தால் வராது, பிரஷ்தான் தேயும். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சாக ஒட்டியிருக்கிறது, நமக்கு வேண்டியது அந்தப் பூச்சு மட்டும். மேலே பறக்கிற மணலைவிட அடியில் கெட்டியாக இருக்கிற மண்ணில் செந்தூள் அதிகம். ஒரு வாளியில் அள்ளித் தண்ணீர் விட்டுக் கை வைத்து நன்றாகக் கலக்க வேண்டும். இருபது எண்ணுவதற்குள் மணல் கீழே இறங்கிவிடும். மேலே நிற்கிற சிவப்புத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால், காலையில் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் மாவு மாதிரிச் சேறும் இருக்கும். தெளிவைக் கொட்டிவிட்டுச் சேற்றைத் தட்டில் நிழலில் காயவைத்து, அம்மியில் பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் கலர் தயார். ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி தேறும். ஆளிவிதை எண்ணெயில் கண்ணாடிமேல் வைத்து இழைக்க வேண்டும். மஞ்சளாக வந்துவிட்டால் கவலை வேண்டாம், இரும்புச் சட்டியில் வறுத்தால் சிவக்கும். வீட்டில் வறுக்கிற சட்டியை எடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

தேரி சிவப்பாக இருப்பதும் இரும்பு ஆக்சைடால், எஞ்சின் துருப்பிடித்துச் சிவப்பதும் இரும்பு ஆக்சைடால், கேட்டுக்குத் துருப்பிடிக்காமல் அடிக்கிற பிரைமரும் அதே இரும்பு ஆக்சைடு. இது தெரிந்த நாளிலிருந்து மிருகத்தின் காலுக்கும் மணலுக்கும் நடுவே கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். குளம்பு எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

ஏன் ஒரு மனிதரும் இல்லை?

ஆட்கள் இருக்கிறார்கள், இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பொருள் கிடக்கும்: பனையேறியின் தளைநார், கவிழ்ந்த குடம், ஒற்றைச் செருப்பு, பதநீர்க் கலயம். இந்தத் தேரியில் மனிதர் விட்டுப் போன சாமான்களுக்குப் பழக்கம் உண்டு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பற்றி 1956இலேயே சாய்னர், ஆல்ச்சின் என்ற தொல்லியலாளர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நகக்கண் அளவு கல். எவனோ தட்டிக் கூராக்கி, வேலை முடிந்ததும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். புட்வால்வுக்கும் அதே கதைதான்.

நிழல் ஏன் அவ்வளவு நீளம்?

சாயங்காலம் 5 மணி. மத்தியானத்தில் தேரியில் உட்கார்ந்து யார் வரைவது? கிரிக்கோ என்ற இத்தாலிய ஓவியரின் ஆளில்லாச் சதுக்கங்களில் விழுகிற நீண்ட நிழல்களைச் சர்ரியலிஸ்டுகள் கொண்டாடினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிழலில் ஒரு தப்பும் பண்ணியிருக்கிறேன். ஒரு படத்தில் இரும்பு நாய்க்கு உயிருள்ள சிப்பிப்பாறை நாயின் நிழலைப் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். அதிகம் பேர் போட்டோ எடுத்ததும் அதைத்தான். எனக்கு அதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. அது காலை வணக்கம் போட்டு அனுப்புகிற படத்துக்கான தந்திரம். இரும்பு நாய்க்கு இரும்பு நாயின் நிழல்தான் விழும்.

சுற்றுச்சூழல் அழிவைப் பற்றிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை எழுத வேண்டுமென்றால் எனக்குச் சுவரே போதும், அதுதானே என் தொழில். நாலுவழிச் சாலையில் ராத்திரி லாரியில் காற்றாலை இறக்கை போவதைப் பார்த்திருப்பீர்கள், திமிங்கலத்தைக் கட்டி இழுத்துப் போவது மாதிரி. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, வாய் பிளந்து நிற்கிறேன். எஞ்சினும் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டதுதான். அதைப் பூதமாகக் காட்ட எனக்கு மனசு வராது.

கம்ப்யூட்டரில் சொன்னால் ஒரு நிமிஷத்தில் இதே மாதிரி வந்துவிடுமே?

வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஏஐயில் போட்டுக் காட்டினான். பளபளவென்று, என்னுடையதைவிட வெளிச்சம் அழகு. அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். செயினை விரலால் பிடித்துக்கொண்டே போனார்; அது இரண்டு சக்கரத்தைச் சுற்றி ஒரு காதுக்குள் போய் மறைந்துவிட்டது. ‘திரும்பி வரலியே’ என்றார். நாளைக்கு அதுவும் சரியாகிவிடலாம். அப்போது பார்ப்போம்.

படத்தை எங்கள் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தலாமா?

கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒருமுறை ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு என் ஆட்டை அப்படியே இருபது அடி ஃபிளெக்ஸில் அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இடம் பற்றாததால் தலையைச் சுருக்கியிருந்தார்கள். பணம் கூடப் பரவாயில்லை, அந்தத் தலையை நினைத்தால்தான்.

இந்த மாதிரி வரைய எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மிருகத்தை விட்டுவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷினின் மிதிகட்டையை ஒரு வாரம் வரையுங்கள். மிதித்தால் எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது, பெரிய சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது, பெல்ட் எந்த வழியாக ஏறி இறங்குகிறது என்று பார்க்காமல் வரைய வர வேண்டும். அப்புறம் ஓர் ஆட்டின் பின்னால் இரண்டு நாள் நடங்கள். இரண்டும் எங்கே ஒட்டும் என்று கை தானாகச் சொல்லும். சொல்லவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் நடங்கள், ஆட்டுக்கு ஒன்றும் ஆட்சேபம் இருக்காது.

இப்போது என்ன வரைந்துகொண்டிருக்கிறீர்கள்?

எருமை. ஆதிச்சநல்லூர்க் கொம்பு, எங்கள் தோட்டத்து எஞ்சினின் உடம்பு, முதுகில் தண்ணீர்த் தொட்டி. படுத்து அசைபோடுகிற மாதிரி. அசைபோடும் தாடைக்கு பிளைவீலிலிருந்து தண்டு கொடுத்திருக்கிறேன். போன வாரம் அண்ணாச்சி வந்து பார்த்தார். பல்சக்கரம், தண்டு, தாடை என்று வரிசையாக விரல் வைத்துக்கொண்டே வந்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. நான் நிம்மதியாக டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

‘எல்லாம் சரி. இதுக்கு எண்ணெய் யாரு விடுவா?’ என்றார்.

அதனால் உடைமர நிழலில் ஒரு எண்ணெய்க் கேன் சேர்க்க வேண்டியிருக்கிறது. கேன் நிமிர்ந்திருக்கிறதா, சரிந்து கிடக்கிறதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.